மியூசியத்தைப் பிடித்த பசங்களும், மியூசியத்தில் வேலை பிடித்த பசங்களும்

1935ஆம் வருஷம், மே 18, சனிக்கிழமை. கனடாவோட மேற்குக் கரையில இருக்கிற வான்கூவர் நகரம். மெயின் தெருவும் ஹேஸ்டிங்ஸ் தெருவும் சந்திக்கிற முக்குல ஒரு கார்னகி நூலகம், அதோட மேல் மாடியில நகரத்தோட மியூசியம். அன்னிக்கு சில நூறு இளைஞர்கள் மாடிப்படி ஏறிப் போய் மியூசியத்துக்குள்ள உட்கார்ந்துட்டாங்க. எதையும் சுத்திப் பார்க்க வரல. "சாப்பாட்டுக்கு வழி சொன்னாத்தான் இறங்குவோம்"னுட்டாங்க. கீழே கூட்டம் கூடிடுச்சு. மக்கள் கொடுத்த சாப்பாட்டைக் கூடையில வச்சுக் கயிறு கட்டி மேலே இழுத்தாங்க. கடைசியில மேயர் ஜெர்ரி மெக்கீர் அந்த வார இறுதிச் சாப்பாட்டுக்கு ஏற்பாடு பண்றேன்னு ஒத்துக்கிட்டப்புறம்தான் பசங்க கீழே வந்தாங்க.

நான் எழுத வந்தது இந்தப் போராட்டத்தைப் பத்தி இல்லை. கனடாவுல மியூசியம், ஆவணக் காப்பகம், பழைய கோட்டை மாதிரியான இடங்கள்ல மாணவர்களை வேலைக்கு வச்சா, அவங்க சம்பளத்துல பெரும்பகுதியை மத்திய அரசே கொடுக்கும். அந்தச் சம்பள மானியத்தோட கதையைத்தான் எழுத உட்கார்ந்தேன். தோண்டத் தோண்ட அது 1930கள் வரைக்கும் இழுத்துட்டுப் போச்சு. வேலை இல்லாத இளைஞர்களைப் பார்த்து அரசாங்கம் பயப்படும்போதெல்லாம், அந்த ஊர்ல ஏதோ ஒரு பழைய கட்டடத்துக்கோ மியூசியத்துக்கோ காசு வந்திருக்கு. பயம் போனதும் காசும் போயிருக்கு. இந்தப் பதிவோட சாரம் அவ்வளவுதான். நேரம் இல்லாதவங்க இத்தோட கிளம்பலாம் :-) மத்தவங்க வாங்க.

ஒரு நாளைக்கு இருபது சென்ட்

மியூசியத்துக்குள்ள உட்கார்ந்த அந்தப் பசங்க யாரு? நிவாரண முகாம்கள்லேர்ந்து வேலைநிறுத்தம் பண்ணி வெளியே வந்தவங்க. 1929க்கு அப்புறம் வந்த பொருளாதாரப் பெருமந்தத்துல கல்யாணமாகாத, வேலையில்லாத ஆண்கள் சரக்கு ரயில்ல தொத்திக்கிட்டு ஊர் ஊரா அலைஞ்சாங்க. இவங்க நகரங்கள்ல கூடினா கலகம் வரும்னு ராணுவத் தளபதி மெக்நாட்டன் ஒரு யோசனை சொன்னார். 1932ல பாதுகாப்புத் துறையே முகாம்களைத் திறந்தது. தங்க இடம், சாப்பாடு, துணி, அதுக்கு மேல ஒரு நாளைக்கு 20 சென்ட். வாரத்துக்கு 44 மணி நேர வேலை. 1936ல மூடுறதுக்குள்ள ஏறக்குறைய 1,70,000 பேர் இந்த முகாம்கள் வழியா போய் வந்திருக்காங்க.

என்ன வேலை? ரோடு போடுறது, மரம் வெட்டுறது, விமான ஓடுதளம் அமைக்கிறது. கூடவே இன்னொண்ணும் இருந்தது. ஹாலிஃபாக்ஸ், கியூபெக் ரெண்டு ஊர்லயும் இருக்கிற பழைய சிட்டாடல் கோட்டைகளைப் பழுது பார்க்கிறது. முகாம் திட்டத்தோட ஆரம்ப வேலைகள்லேயே இதுவும் இருந்திருக்கு. இன்னிக்கு சுற்றுலாப் பயணிகள் போட்டோ எடுத்துக்கிற அந்தச் சுவர்கள்ல இருபது சென்ட் கூலிக்காரங்களோட கைரேகையும் இருக்கு.

அந்தப் பசங்க கேட்டது ரெண்டே ரெண்டு: வேலை, சம்பளம். இருபது சென்ட்டை அவங்க சம்பளமாவே ஒத்துக்கல. வான்கூவர்ல பதில் கிடைக்காம, 1935 ஜூன்ல ரயில் கூரை மேல ஏறித் தலைநகர் ஒட்டாவாவை நோக்கிக் கிளம்பினாங்க. பாதி வழியில ரெஜைனாவுல அரசு தடுத்து நிறுத்திடுச்சு. ஜூலை 1, கனடா பிறந்த நாள் அன்னிக்கே, அங்க பெரிய கலவரமாகி உயிர்ச்சேதமும் ஆச்சு.

எல்லைக்கு அந்தப் பக்கம்

ஊர்வலம் ரெஜைனாவுல நின்னுக்கிட்டிருந்த அதே நாட்கள்ல, ஜூன் 26, 1935 அன்னிக்கு, அமெரிக்காவுல அதிபர் ரூஸ்வெல்ட் 'நேஷனல் யூத் அட்மினிஸ்ட்ரேஷன்'னு ஒரு அமைப்புக்கு உத்தரவு போட்டார். பிரச்சினை ஒண்ணுதான், வழிதான் வேற. இங்க முகாம்ல அடைச்சாங்க. அங்க படிக்கிற பசங்களைப் படிப்பை விடாம வேலை செய்ய வச்சுக் காசு கொடுத்தாங்க. பள்ளி மாணவருக்கு மாசம் 6 டாலர் வரைக்கும், கல்லூரி மாணவருக்கு சராசரியா 15 டாலர். படிக்கிற பையனுக்கோ பொண்ணுக்கோ ஒரு பொதுக் காரியத்துல வேலை கொடுத்து அரசே சம்பளம் தர்றதுங்கிற யோசனை பெரிய அளவுல ஓடினது அப்பதான்.

டெக்சாஸ் மாநிலத்துல இதுக்குத் தலைவரா போட்டது 26 வயசு ஆளை. பேரு லிண்டன் ஜான்சன். ஆமா, பின்னாடி அதிபரானாரே, அவரேதான். அவர் 1937ல அந்தப் பதவியை விட்டுப் போனப்புறம், 1939ல அதே அமைப்பு சான் அன்டோனியோவுல 'லா வில்லிடா'ங்கிற பழைய குடியிருப்பைப் புதுப்பிச்சது. அப்ப அது இடிஞ்சு கிடந்த சேரி மாதிரி இருந்ததாம். மேயர் மாரி மேவரிக், கட்டடக் கலைஞர் ஓ'நீல் ஃபோர்டு ரெண்டு பேரும் சேர்ந்து இளைஞர்களை வச்சே வீடுகளைச் சீர் பண்ணினாங்க. ஓடு, மண்பாண்டம், இரும்பு வேலைன்னு தொழிலும் கத்துக்கிட்டாங்க. போர் வந்து எல்லாருக்கும் வேலை கிடைச்சதும் 1943ல அந்த அமைப்பையே மூடிட்டாங்க.

பயம் போச்சு, காசும் போச்சு. முதல் உதாரணம்.

கோட்டைக்குள்ள மாணவர் படை

மறுபடி கனடா. ஒன்டாரியோ மாகாணத்துல கிங்ஸ்டன்னு ஒரு ஊர். அங்க 1830கள்ல கட்டின ஃபோர்ட் ஹென்றி கோட்டை பாழடைஞ்சு கிடந்தது. 1936லேர்ந்து 1938 வரைக்கும் மத்திய அரசும் மாகாண அரசும் சேர்ந்து வேலையில்லாதவங்களை வச்சு அதைச் சீரமைச்சாங்க. பொறுப்பா இருந்தவர் ரொனால்ட் வே. கல்லை அடுக்கிக் கதவைப் பூட்டிட்டுப் போற ஆள் இல்லை அவர். 1867ல பிரிட்டிஷ் சிப்பாய் எப்படி இருந்தானோ அதே சீருடை, அதே கவாத்துன்னு ஒரு காவல் படையை உருவாக்கினார். பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள். 1938 ஆகஸ்ட் 1 அன்னிக்குப் பிரதமர் மெக்கன்சி கிங் வந்து கோட்டையைத் திறந்து வச்சார். நடுவுல போர்க் கைதிகள் முகாமாகி மூடிக் கிடந்து, 1948ல மறுபடி திறந்தது. ஃபோர்ட் ஹென்றி கார்டுங்கிற அந்த மாணவர் படை இன்னிக்கும் கோடைக்காலத்துல கவாத்து பண்ணிக்கிட்டிருக்கு.

இதுல சம்பள மானியம்னு தனியா எதுவும் இல்லை. ஆனா பின்னாடி வந்ததுக்கெல்லாம் அச்சு இதுதான். சுற்றுலா சீசன் கோடை. காலேஜ் லீவும் கோடை. மியூசியத்துக்கு ஆள் தேவைப்படுற மாசங்களும் மாணவருக்குக் காசு தேவைப்படுற மாசங்களும் ஒண்ணா வருது.

1961ல இன்னொரு கோட்டை. கேப் பிரெட்டன் தீவுல நிலக்கரிச் சுரங்கங்கள் மூடிக்கிட்டே வந்த நேரம். ரேண்ட் கமிஷன் அறிக்கைக்கு அப்புறம், 1760ல பிரிட்டிஷ்காரங்க வெடி வச்சுத் தகர்த்த லூயிஸ்பர்க் பிரெஞ்சுக் கோட்டை நகரத்துல ஒரு பகுதியைத் திருப்பிக் கட்டலாம்னு அரசு முடிவு பண்ணுச்சு. வேலை போன சுரங்கத் தொழிலாளிகளுக்கே கல்தச்சு வேலை கத்துக்கொடுத்துக் கட்ட வச்சாங்க. இது மாணவர் கதை இல்லைதான். ஆனா 'வேலைவாய்ப்புத் திட்டம்'ங்கிற பையிலேர்ந்து பணம் எடுத்து வரலாற்றைக் கட்டுறது எப்படிப் பழக்கமாச்சுங்கிறதுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

1971: நீயே ஒரு வேலையை உருவாக்கு

போருக்கு அப்புறம் பிறந்த பெரும் தலைமுறை 1970 வாக்குல கல்லூரிக்கு வந்துடுச்சு. வருஷா வருஷம் கோடையில லட்சக்கணக்கான பசங்க வேலை தேடினாங்க. அதே வருஷம் அக்டோபர்ல கியூபெக்ல கடத்தல், கொலைன்னு பெரிய நெருக்கடி, தெருவுல ராணுவம். இளைஞர்கள்னாலே அரசுக்கு வயித்துல புளி கரைஞ்ச நேரம்.

1971 மார்ச் 16ல பிரதமர் பியர் ட்ரூடோ 'ஆப்பர்ச்சூனிட்டீஸ் ஃபார் யூத்'னு ஒரு திட்டத்தை அறிவிச்சார். முன்ன மாதிரி அரசு ஒரு வேலையைக் காட்டி "போய் செய்"னு சொல்லல. "உங்க ஊருக்கு என்ன தேவைன்னு நீங்களே எழுதிக் கொண்டாங்க, பிடிச்சிருந்தா சம்பளம் தர்றோம்"னுச்சு. நாடகம், குழந்தைகள் மையம், சுற்றுச்சூழல், உள்ளூர் ஆய்வுன்னு பசங்க என்னென்னமோ எழுதிக் கொடுத்தாங்க. "வெட்டிப் பசங்களுக்கு வரிப்பணம்"னு பத்திரிகைகள்ல கிழிச்சதும் நடந்தது. 1970களோட நடுவுல சிக்கன நடவடிக்கைன்னு திட்டத்தை மூடிட்டாங்க.

இங்க ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. இந்தத் திட்டம் ஆரம்பிச்சப்ப அது செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் துறையில இருந்தது. அமைச்சர் ஜெரார்ட் பெல்ட்டியே. அடுத்த வருஷம், 1972 மார்ச்ல, கனடாவோட தேசிய மியூசியக் கொள்கையை அறிவிச்சதும் இதே மனுஷன்தான். "மியூசியம் தலைநகரத்துக்கும் பெரிய மனுஷங்களுக்கும் மட்டும் இல்லை, எல்லா ஊருக்கும் எல்லா ஜனங்களுக்கும்"ங்கிறது அதோட சாரம். இளைஞர் வேலையும் ஊர் மியூசியமும் ஒரே மேசையில சந்திச்ச காலம் அது.

நம்ம பொட்டி தட்டுற கூட்டத்துக்கு ஒரு கூடுதல் தகவல். அதே 1972ல, நாட்டுல இருக்கிற மியூசியப் பொருள்களை எல்லாம் கம்ப்யூட்டர்ல பட்டியல் போடணும்னு தேசிய இருப்புப் பட்டியல் திட்டமும் ஆரம்பிச்சது. 1972ல! அதுதான் வளர்ந்து இப்ப கனடியன் ஹெரிடேஜ் இன்ஃபர்மேஷன் நெட்வொர்க்கா இருக்கு. டேட்டாபேஸ் கட்டுறது ஒரு வேலை. உள்ளே தகவலைத் தட்டுறது வேற வேலை. ரெண்டாவதை ஊர் ஊரா யார் பண்றதுங்கிற கேள்வி அன்னிக்கும் இருந்தது, இன்னிக்கும் இருக்கு.

1996: இப்ப இருக்கிற திட்டம்

1967ல கனடாவோட நூற்றாண்டு விழா. அந்தக் கொண்டாட்டத்துல அரசு மானியம் வாங்கிப் பல ஊர்கள் மியூசியமும் நூலகமும் கட்டிக்கிச்சு. கட்டடம் வந்துடுச்சு, வருஷா வருஷம் கதவைத் திறக்க ஆள்? 1990கள்ல மறுபடி இளைஞர் வேலையின்மை ஏறின நேரத்துல, 1996ல கனடா மரபுத் துறை 'யங் கனடா வொர்க்ஸ்' திட்டத்தைக் கொண்டு வந்தது. இதை எழுதும்போதும் அது நடந்துக்கிட்டிருக்கு. சுருக்கமா சொல்றேன்.

வயசு 16லேர்ந்து 30க்குள்ள. முழுநேர மாணவரா இருக்கணும், கோடை முடிஞ்சு படிப்புக்குத் திரும்பணும். வேலை 6லேர்ந்து 16 வாரம், வாரத்துக்கு 30லேர்ந்து 40 மணி நேரம். மரபு நிறுவனங்களுக்குச் சம்பளத்துல அதிகபட்சம் 75 சதவீதம் வரைக்கும் மானியம். மீதியை நிறுவனம் போடணும். படிப்பு முடிச்சவங்களுக்குத் தனியா நீண்ட இன்டர்ன்ஷிப் உண்டு. அரசு நேரடியா ஆள் எடுக்காது. கனடியன் மியூசியம்ஸ் அசோசியேஷன், ஆவணக் காப்பகங்களோட கவுன்சில், நேஷனல் டிரஸ்ட் மாதிரி அமைப்புகள்தான் மனுக்களைப் பரிசீலிச்சுப் பணத்தைப் பிரிச்சுக் கொடுக்கும்.

யார் சேரலாம்னா குடியுரிமை உள்ளவங்க, நிரந்தர வசிப்புரிமை உள்ளவங்க, அகதி அந்தஸ்து கிடைச்சவங்க. அதாவது ஈழத்துலேர்ந்து அகதியா வந்து அந்தஸ்து வாங்கின குடும்பத்துப் பொண்ணு சேரலாம். சென்னையிலேர்ந்து மாணவர் விசாவுல போன நம்ம பையன் சேர முடியாது. ரெண்டு பேருக்கும் வித்தியாசம் புரியாம பல பேர் விசாரிக்கிறதால இதைச் சொல்லி வச்சேன்.

இதுக்குப் பக்கத்துலயே எல்லாத் துறைக்குமான இன்னொரு மானியமும் உண்டு, 'கனடா சம்மர் ஜாப்ஸ்'. சின்ன மியூசியங்கள் ரெண்டுக்கும் மனு போட்டுட்டு எது கிடைக்கும்னு காத்திருக்கும்.

2006: ஒரே நாள்ல ரெண்டு அடி

2006 செப்டம்பர் 25 அன்னிக்கு ஹார்ப்பர் அரசு மொத்தம் நூறு கோடி டாலருக்குச் செலவுக் குறைப்பை அறிவிச்சது. அதுக்கு முந்தின நிதியாண்டுக் கணக்குல 13 பில்லியன் டாலருக்கு மேல உபரி இருந்ததா சொன்னதும் அதே நாள்தான், அது வேற விஷயம். வெட்டின பட்டியல்ல ரெண்டு வரி: மியூசியங்களுக்கான உதவித் திட்டத்துல 4.6 மில்லியன், மாணவர்களோட கோடை வேலைத் திட்டத்துல 55 மில்லியன் டாலர்.

தலைநகரத்துல உட்கார்ந்து பார்த்தா ரெண்டும் வேற வேற துறை, வேற வேற கணக்கு. ஆனா ஒரு சின்ன ஊர் மியூசியத்துல உட்கார்ந்து பாருங்க. பொருளைப் பாதுகாக்க வர்ற காசும், கதவைத் திறந்து வைக்கிற பொண்ணோட சம்பளமும் ஒரே அறிவிப்புல அடி வாங்கியிருக்கு. அடுத்த வருஷம், 2007ல, பழைய கோடைத் திட்டத்தை எடுத்துட்டு 'கனடா சம்மர் ஜாப்ஸ்' வந்தது. முதல் சுத்துலயே, வருஷக்கணக்கா வாங்கிக்கிட்டிருந்த பல உள்ளூர் அமைப்புகளுக்கு "இல்லை"ன்னு பதில். நாடு முழுக்கக் கூச்சல் கிளம்பி, அரசு இன்னொரு சுத்து நடத்த வேண்டியதாச்சு. நடுவுல ஓடினது கோடைக்கால வாரங்கள். ஜூலையில வர்ற காசு மே மாசத்து வேலைக்கு உதவாது.

அப்புறம் 2016ல ட்ரூடோவோட மகன் ஜஸ்டின் அரசு அந்தக் கோடை வேலைகளை இரட்டிப்பாக்கி ஏறக்குறைய 70,000 ஆக்குச்சு. 2020ல கொரோனா வந்தப்ப எல்லா முதலாளிக்கும் 100 சதவீதம் வரைக்கும் மானியம்னு ஏத்தினாங்க. அந்த வருஷம் பல மியூசியங்கள் கதவையே திறக்க முடியல. காசு ஏறினதுக்குக் காரணம் மியூசியம் இல்லை, வேலையின்மை.

சைடு எஃபெக்ட்

கோடு எழுதுறவங்களுக்குத் தெரியும். ஒரு ஃபங்ஷன் என்ன காரியத்துக்கு எழுதினதோ அது ஒண்ணு; அது ஓடும்போது பக்கத்துல தானா நடக்கிறது இன்னொண்ணு. பக்கத்துல நடக்கிறதை நம்பி நாலு பேர் அவங்க சிஸ்டத்தைக் கட்டிட்டாங்கன்னா, ஒரு நாள் ஒருத்தர் அந்த ஃபங்ஷனை 'சுத்தம்' பண்ணும்போது நாலும் விழும். கனடாவோட சின்ன மியூசியங்கள் அப்படித்தான் நிக்குது. திட்டம் எழுதினது வேலையில்லாத இளைஞருக்கு. அதுல நடந்த சைடு எஃபெக்ட்தான் மியூசியம்.

இதனால நஷ்டம் எங்க வருதுன்னா ஞாபகத்துல. மியூசியத்துக்குப் பொருள் வந்தா அதுக்கு ஒரு வரவு எண் கொடுப்பாங்க. 1978.14.3ன்னு இருந்தா 1978ஆம் வருஷம், அந்த வருஷத்தோட 14ஆவது வரவு, அதுல மூணாவது பொருள். யார் கொடுத்தது, எந்த வீட்டுல இருந்ததுன்னு அந்த எண்ணுக்கு எதிர எழுதியிருக்கும். எழுதியிருந்தா! இல்லைன்னா அது வரலாறு இல்லை, வெறும் பழைய இஸ்திரிப் பெட்டி. சின்ன இடங்கள்ல இந்தப் பட்டியல் வேலையைப் பண்றதுல கோடை மாணவர்களுக்குப் பெரிய பங்கு. பொருள்களோட பழகி, பட்டியலோட முறை பிடிபடும்போது 16 வாரம் முடிஞ்சிடும். அடுத்த வருஷம் புது ஆள், அல்லது மானியம் கிடைக்காம ஆளே இல்லை. ஹேண்ட்ஓவர் கொடுக்காம ரிலீவ் ஆன டெவலப்பரோட கோடை வாங்கி மேய்ச்சவங்களுக்கு இந்தக் கஷ்டத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

அப்ப இந்த மானியம் வேண்டாமான்னா, கண்டிப்பா வேணும். எனக்கு இது முக்கியமா படுறதுக்கு ஒரு காரணம் இருக்கு. நாங்க இன்ஜினியரிங் படிச்சப்ப 'இன்பிளான்ட் டிரெயினிங்'னு கம்பெனிக்கு நாங்க காசு கட்டிப் போனோம். ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கும் காசு கட்டின பசங்க உண்டு. கட்ட முடியாதவன் சும்மா ஒரு சர்டிஃபிகேட்டுக்கு அலைஞ்சான். மியூசியத் துறையில உலகம் முழுக்க இதோட இன்னொரு வடிவம் உண்டு: சம்பளம் இல்லாத இன்டர்ன்ஷிப். ஆறு மாசம் சும்மா வேலை பார்க்க அப்பா காசு உள்ளவங்க மட்டும்தான் உள்ளே நுழைய முடியும். அப்புறம் எதைக் காட்சிக்கு வைக்கலாம், எதை அட்டைப்பெட்டியிலேயே விடலாம்னு முடிவு பண்றதும் அவங்க பிள்ளைங்கதான். கோடையில சம்பாதிச்சாத்தான் செப்டம்பர்ல ஃபீஸ் கட்ட முடியும்ங்கிற பொண்ணு மியூசியத்துக்குள்ள வர ஒரே வழி, அங்க கிடைக்கிறது சம்பளமா இருக்கணும். இந்த மானியத்தோட நிஜமான சாதனையா நான் பார்க்கிறது இதைத்தான்.

அதனால காசைக் குறைக்கிறதா கூட்டுறதாங்கிற சண்டையை விட, அது எந்தக் கணக்குல வருதுங்கிறதுதான் பெரிய கேள்வி. மாணவர் சம்பளம் இளைஞர் வேலைவாய்ப்புக் கணக்குல வரட்டும், தப்பில்லை. ஆனா அந்த மாணவருக்குக் கத்துக்கொடுக்கவும், அவங்க போனப்புறம் அந்தப் பட்டியலைத் தொடரவும் வருஷம் பூரா ஒரு ஆள் வேணும். அந்தச் சம்பளம் மியூசியக் கணக்குல வரணும். 1972ல பெல்ட்டியே மேசையில ரெண்டு தாளும் இருந்தது. அதுக்கப்புறம் ஒரு தாளை மட்டும் வச்சு ரெண்டு வேலையும் வாங்கிக்கிட்டிருக்காங்க.

வான்கூவர்ல அந்தப் பசங்க ஏறின நூலகக் கட்டடம் இப்பவும் அதே முக்குல நிக்குது. 1980லேர்ந்து கார்னகி சமூக மையம். மியூசியம் எப்பவோ வேற இடத்துக்குப் போயிடுச்சு.

நம்ம ஊர் மியூசியங்கள்ல யார் பட்டியல் போடுறாங்க, அவங்களுக்கு என்ன சம்பளம்ங்கிறது தனிப் பதிவா எழுத வேண்டிய சமாச்சாரம். தொல்லியல் துறையிலயோ மியூசியத்துலயோ வேலை பார்த்த பதிவர்கள் யாராவது இருந்தா, பின்னூட்டத்துல சொல்லுங்க. நான் எழுதுறதை விட நீங்க எழுதினா இன்னும் நல்லா இருக்கும்.